சைனாவில் எப்போதெல்லாம் லீவு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செல்லூர் எம்ப்ராய்டரி
26 பிப்ரவரி 2026, மதியம் 2.10

எல்லோருக்கும் வணக்கம். செல்லூரில் வீட்டு மாடியில் இரண்டு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் போட்டு ஜாக்கெட் வேலை செய்து கொடுக்கிறேன். பெரும்பாலும் கல்யாண ஜாக்கெட்தான். முதுகில் மயில், கையில் யானை, ஓரத்தில் ஜரிகை நூலில் மாங்காய். இரண்டுமே சைனா மெஷின். அதில் பெரியதை 2022-இல் நேரடியாக அங்கேயிருந்து வரவழைத்தேன்.

இந்த மாதம் 10-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு ஜாக்கெட்டின் இடது கை ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் ஏறி இறங்கியதில் பெரிய மெஷினின் மெயின் போர்டு போய்விட்டது. யானை தும்பிக்கை வரைக்கும் வந்து நிற்கிறது. துணியை ஃபிரேமிலிருந்து இன்னும் கழற்றவில்லை. சர்வீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, போர்டு மாற்றியே ஆகவேண்டும், இந்த மாடலுக்கு இங்கே ஸ்பேர் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்.

மெஷின் வாங்கிய கம்பெனியில் ஒரு பெண்தான் மூன்று வருடமாக என்னிடம் பேசுவார். எது கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் பதில் வரும். அன்று ராத்திரியே கேட்டேன். மறுநாள் ஒரே வரி வந்தது: ஃபேக்டரி மூடியாகிவிட்டது, நான் ரயிலில் இருக்கிறேன், பண்டிகை முடிந்து பேசலாம். அவ்வளவுதான். இன்றோடு 16 நாள். மாசி, பங்குனி முகூர்த்தங்களுக்கு 22 ஜாக்கெட் கையில் இருக்கிறது. சின்ன மெஷினை வைத்து ராத்திரி பகலாக ஓட்டுகிறோம்.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். லீவு ஒன்பது நாள் என்று போட்டிருக்கிறார்கள், அப்படியிருக்க ஏன் இவ்வளவு நாள் இழுக்கிறது? போன வருடம் ஜனவரியில் வந்த புத்தாண்டு இந்த வருடம் ஏன் பிப்ரவரியில் வருகிறது? அடுத்தடுத்து எந்த மாதங்களில் இப்படி மூடுவார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெண் வருடா வருடம் எனக்குப் பொங்கல் பானை படம் போட்டு வாழ்த்து அனுப்புவார். நான் ஒரு தடவைகூட அவர்கள் பண்டிகைக்கு எதுவும் அனுப்பியதில்லை. இந்த முறை 18-ஆம் தேதி, ஒரு கல்யாண வீட்டார் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போன கோபத்தில், "உங்கள் பண்டிகையால் என் பிழைப்பு நின்றுபோச்சு" என்று அனுப்பிவிட்டேன். அது மனதை அறுக்கிறது. இப்போது என்ன எழுதினால் சரியாக இருக்கும்?

---

கருமாத்தூர்க்காரன்
26 பிப்ரவரி 2026, இரவு 9.40

தம்பி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளை மறுநாள் 28-ஆம் தேதி சனிக்கிழமை அங்கே வேலை நாள். காலை ஆறரைக்கு அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்புங்கள். அவர்கள் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், ஆறரைக்கு அங்கே ஒன்பது. ஆபீஸ் திறந்ததும் உங்கள் செய்திதான் முதலில் கண்ணில் படும்.

நான் 2007-லிருந்து 2016 வரைக்கும் யிவூவில் இருந்தேன். செஜியாங் மாகாணம், ஷாங்காய்க்குத் தெற்கே. 75,000-க்கு மேல் கடைகள் இருக்கிற மொத்தச் சந்தை அந்த ஊரில்தான். தலையில் குத்துகிற கிளிப், பாசி, சீரியல் பல்பு, சாமி படத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் மாலை என்று நம் ஊர்க் கடைகளில் தொங்குவதில் எவ்வளவோ அங்கேயிருந்து வந்ததுதான். ஒரு ஏஜெண்டின் கோடவுனில் பெட்டி பிரித்துச் சரக்கு பார்ப்பதும், எண்ணிக் கன்டெய்னரில் ஏற்றுவதும் என் வேலை. ஒன்பது சீனப் புத்தாண்டு அங்கே பார்த்திருக்கிறேன்.

தேதிக் கணக்கு உங்கள் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரிலேயே இருக்கிறது. ஜனவரி 21-லிருந்து தாளைப் புரட்டுங்கள். முதலில் வருகிற அமாவாசை எதுவோ அன்றைக்குத்தான் அவர்களுக்கு வருடம் பிறக்கிறது. பெரும்பாலும் அது நம் தை அமாவாசையாகவே இருக்கும். 2025-இல் ஜனவரி 29 நமக்குத் தை அமாவாசை, அவர்களுக்குப் பாம்பு வருடம் பிறந்த நாள். இந்த வருடம் தை அமாவாசை ஜனவரி 18-லேயே வந்துவிட்டது. அது அவர்கள் கணக்கில் சேராது. அதனால் அடுத்த அமாவாசைக்குப் போய்விட்டது: பிப்ரவரி 17, மாசி அமாவாசை, குதிரை வருடம். 2027-இல் பிப்ரவரி 6, 2028-இல் ஜனவரி 26, இரண்டும் தை அமாவாசையே. நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, அவர்களுக்கு நள்ளிரவில், அதனால் சில வருடம் ஒரு நாள் தள்ளும். 2024-இல் நமக்கு 9-ஆம் தேதி அமாவாசை, அவர்களுக்கு 10-ஆம் தேதி புத்தாண்டு.

அவர்கள் மாதம் அமாவாசையில் தொடங்குகிறது. பன்னிரண்டு மாதம் சேர்த்தாலும் 354 நாள்தான் வரும், பதினோரு நாள் குறையும். அதைச் சரிக்கட்ட 19 வருடத்தில் 7 தடவை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். 2025-இல் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்தது. நம் ஊரில் தெலுங்கு பேசும் வீடுகளில் அதிக மாதம் என்பார்களே, அதே ஏற்பாடு. மாதம் சேர்ந்த வருடத்துக்கு அடுத்த புத்தாண்டு இப்படிப் பின்னால் போகும்.

சரி, லீவுக்கு வருவோம். அரசாங்கம் புத்தாண்டுக்குக் கொடுப்பது நான்கே நாள். அதுவும் 2025-லிருந்துதான் நான்கு, அதற்கு முன் மூன்று. அப்புறம் ஒன்பது நாள் எப்படி வந்தது என்றால், முன்னும் பின்னும் இருக்கிற சனி ஞாயிறை வேலை நாளாக்கி, அந்த லீவை எடுத்துவந்து பண்டிகையோடு ஒட்டிவிடுகிறார்கள். தியாவ்ஷியு என்று சொல்வார்கள். இந்த வருடம் 14-ஆம் தேதி சனியும் 28-ஆம் தேதி சனியும் வேலை, 15 முதல் 23 வரை லீவு. அடுத்த வருடப் பட்டியல் பெரும்பாலும் நவம்பர் வாக்கில் வெளியாகும். அது வந்ததும் வாங்கி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஃபேக்டரி அந்த ஒன்பது நாளோடு நிற்காது. பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னால் சின்னப் புத்தாண்டு என்று ஒன்று வரும், அவர்களுடைய கடைசி மாதம் 23-ஆம் நாள், சில ஊரில் 24. அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிற அடுப்படிச் சாமி அன்றைக்கு மேலுலகம் போய் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லுவாராம். நல்லதாகச் சொல்லட்டும் என்று படத்தின் வாயில் பாகு மிட்டாயைத் தடவிவிட்டுக் கொளுத்துவார்கள். யிவூவில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா கரண்டிக் காம்பால் தடவுவார். அந்த நாள் வந்துவிட்டால் ஆட்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். இந்த வருடம் அது பிப்ரவரி 10. உங்கள் போர்டு போன அன்றைக்கு.

திரும்பி வருவதும் அப்படித்தான். வருடம் பிறந்து பதினைந்தாம் நாள், பௌர்ணமியில், விளக்குத் திருவிழா. தெருவெல்லாம் காகித விளக்கு தொங்கும். அது முடிந்தால்தான் ஆள் முழுசாக வந்து சேரும். போன வருடம் அது பிப்ரவரி 12, நமக்கு அதற்கு முந்தின நாள் தைப்பூசம். வண்டியூர்த் தெப்பக்குளத்தில் மைய மண்டபம் முழுக்க விளக்கு எரிந்தபோது எனக்கு யிவூ ஆற்றங்கரைதான் ஞாபகம் வந்தது. இந்த வருடம் மார்ச் 3. அதற்கு முன் போர்டு கையில் வராது, அப்படி நினைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டீர்கள். 2011-இல் எங்கள் கோடவுன் மேஸ்திரி என்னைத் தன் ஊருக்குக் கூட்டிப்போனார். ஜியாங்ஷி மாகாணம், பக்கத்து மாகாணம்தான். ஆனாலும் ஒன்பது மணி நேரம் ரயிலில் நின்றுகொண்டே போனோம். பண்டிகைக்குப் பதினைந்து நாள் முன்னாலிருந்து மொத்தம் நாற்பது நாள் நாடு முழுக்க இதே கூட்டம்தான். புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் யிவூவில் வேலை, ஆறு வயசுப் பையன் ஊரில் பாட்டியிடம். வருடத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பார்கள்.

நாங்கள் போனபோது பையன் பாட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அப்பா கூப்பிட்டும் வரவில்லை. அவர் வற்புறுத்தவில்லை. ஒரு ஆரஞ்சை உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளையைக் கிண்ணத்தில் போட்டு வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணம் காலி. மறுநாளும் அப்படியே செய்தார். மூன்றாம் நாள் பையன் தானாக ஒரு ஆரஞ்சை எடுத்துவந்து அப்பா மடியில் வைத்தான், உரித்துத் தரச்சொல்லி. மேஸ்திரி உரிக்கும்போது கை நடுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த மனுஷனை ஒன்பது நாளில் திரும்பி வா என்று எப்படிச் சொல்வது? அவர் இருபது நாள் இருந்துவிட்டுத்தான் வந்தார்.

நம் பக்கம் என்ன நடக்கிறது? ஆந்திராவிலும் குஜராத்திலும் முறுக்குப் போடுகிற உசிலம்பட்டிக்காரர்கள் சிவராத்திரியோடு வருகிற மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறார்கள். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குப் பெட்டி தூக்கிப் போகும் கூட்டத்தில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். அங்கே முறுக்கு வாங்குகிற கடைக்காரருக்கும் ரேக்கு காலியாகத்தான் கிடக்கும். இந்த வருடம் நமக்குச் சிவராத்திரி பிப்ரவரி 15. அவர்களுக்கு லீவு தொடங்கியதும் அதே 15.

மற்ற லீவுகளையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு மொத்தம் 13 நாள்தான் அரசு லீவு. ஏப்ரல் தொடக்கத்தில் ச்சிங்மிங், முன்னோர் கல்லறைக்குப் போகிற நாள். இது மட்டும் நிலாக் கணக்கு இல்லை, நம் தமிழ் மாதம் போல சூரியனை வைத்து வருவது, அதனால் 4 அல்லது 5-ஆம் தேதியை விட்டு நகராது. இந்த வருடம் 4 முதல் 6 வரை மூன்று நாள் லீவு. அப்புறம் மே 1 முதல் 5 வரை. சித்ரா பௌர்ணமியும் இந்த வருடம் மே 1-தான், அன்றைக்கு உங்களுக்கும் செல்லூரில் மெஷின் ஓட்ட நேரம் இருக்காது. ஜூன் 19-இல் படகுத் திருவிழா, செப்டம்பர் 25-இல் நிலாத் திருவிழா, இரண்டும் சனி ஞாயிறோடு மூன்று மூன்று நாள். தொழிலைத் தொடுகிற பெரிய லீவு அக்டோபர் 1 முதல் 7. 1949-இல் மக்கள் சீனம் பிறந்த நாள் அக்டோபர் 1. 1999-லிருந்து அதை ஒரு வார லீவாக நீட்டினார்கள், ஜனங்கள் ஊர் சுற்றிச் செலவு செய்யட்டும் என்று. இந்த வாரத்தில் ஆள் வேலையை விட்டுப் போவதில்லை, எட்டாம் தேதி மெஷின் ஓடும். புத்தாண்டுக்குப் போனவர்களில்தான் நிறைய பேர் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அதனால் மார்ச் மாதம் புதுக் கைகள் செய்த சரக்கை ஒன்றுக்கு இரண்டு தடவை பிரித்துப் பாருங்கள். லீவுக்கு முந்தின வாரம் அவசரத்தில் முடித்த சரக்குக்கும் இதே கதை.

அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதுவது என்றால், உண்மையை எழுதுங்கள். கல்யாண வீட்டார் வந்து பேசியதையும், கோபத்தில் எழுதிவிட்டதையும் சொல்லி, வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேளுங்கள். பதினைந்தாம் நாள் வரைக்கும் வருட வாழ்த்து சொல்லலாம், தாமதமாகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். ஷின்னியென் க்வாய்லெ என்றால் புத்தாண்டு வாழ்த்து. பிற்பாடு ஏதாவது பணம் வைத்துக் கொடுக்கிற சந்தர்ப்பம் வந்தால் ஒன்று ஞாபகம் வையுங்கள். மேஸ்திரி பையனுக்குச் சிவப்பு உறையில் நம் வழக்கப்படி 51 யுவான் வைத்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு ஒரு யுவானை வெளியே எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். நல்ல காரியத்துக்கு அங்கே இரட்டைப்படைதான், ஒற்றைப்படை துக்க வீட்டுக்கு.

---

விளக்குத்தூண் ஃபேன்சி
27 பிப்ரவரி 2026, காலை 11.05

அண்ணன் சொன்ன கணக்கைத்தான் நாங்கள் வேறு பேரில் வைத்திருக்கிறோம். கார்த்திகை தீபத்துக்குள் ஆர்டரும் அட்வான்சும் போய்விட வேண்டும், பொங்கலுக்குள் சரக்கு அவர்கள் கோடவுனை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். தீபாவளிச் சரக்குக்கு ஆடிப்பெருக்கு கடைசி.

2023-இல் நான் இதைக் கோட்டை விட்டேன். அந்த வருடம் நிலாத் திருவிழாவும் அக்டோபர் லீவும் சேர்ந்து செப்டம்பர் 29-லிருந்து அக்டோபர் 6 வரைக்கும் எட்டு நாள். 28-ஆம் தேதி ஏறிவிடும் என்று சொன்ன சரக்கு ஏறவில்லை. சீரியல் பல்பு 60 பெட்டி, தீபாவளி முடிந்த வாரம் தூத்துக்குடியில் இறங்கியது. கார்த்திகைக்குப் பாதி விற்றது. மீதியை ஒரு வருடம் மாடியில் வைத்திருந்தேன், அதில் எலி கடித்தது தனி.

தம்பி, உங்களுக்குச் சரக்கு இல்லை, ஸ்பேர்தான். போர்டு வரும்போது இரண்டாக வாங்கிவிடுங்கள். ஒன்று பீரோவில் இருக்கட்டும். விலை அதிகம்தான், ஆனால் 22 ஜாக்கெட்டுக்கு வரவேண்டிய கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டெபிலைசரையும் மாற்றுங்கள், கரண்ட் ஏறி இறங்குவது செல்லூரில் நிற்கப்போவதில்லை.

இன்னொன்று, டிசம்பர் 25 அங்கே வேலை நாள், கிறிஸ்துமஸ் லீவு கிடையாது. ஹாங்காங் கணக்கு வேறு, அங்கே கிறிஸ்துமஸ், ஈஸ்டர், புத்தர் பிறந்த நாள் எல்லாம் லீவு. உங்கள் பணம் ஹாங்காங் பேங்க் வழியாகப் போகிறதென்றால் இரண்டு பட்டியலையும் பார்க்க வேண்டும்.

---

மேலூர்ப்பெண்
27 பிப்ரவரி 2026, இரவு 10.20

அண்ணா, நான் 2013 முதல் 2019 வரை ஹூனான் மாகாணத்தில் சாங்ஷா நகரில் டாக்டருக்குப் படித்தேன். தொழில் பக்கம் எனக்குத் தெரியாது. ஆனால் வாழ்த்து விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரலில் ச்சிங்மிங் வரும்போது இனிய திருநாள் என்று படம் எதுவும் அனுப்பிவிடாதீர்கள். முதல் வருடம் நான் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அப்படி அனுப்பிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. அந்த வாரம் தன் தாத்தா கல்லறைக்கு என்னையும் கூட்டிப்போனாள். களை பிடுங்கி, மண் தட்டி, கல்லில் எழுத்து மங்கியிருந்த இடத்தில் பெயிண்ட் அடித்தார்கள். காகிதப் பணம் கொளுத்தினார்கள். கொண்டுபோன கோழியையும் பழத்தையும் படைத்துவிட்டு, கடைசியில் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் மகாளய அமாவாசைக்குப் பிறகு அப்பா ஒரு மாதிரி அமைதியாக இருப்பார். அவள் அப்பாவும் வண்டியில் திரும்பும்போது அப்படித்தான் இருந்தார். ச்சிங்மிங்குக்கு அரசு லீவு கிடைத்ததே 2008-லிருந்துதான். படகுத் திருவிழாவுக்கும் நிலாத் திருவிழாவுக்கும் அப்போதுதான் சேர்ந்து கிடைத்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது படகுத் திருவிழா. அவர்கள் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள். சூ யுவான் என்று ஒரு கவிஞர், சூ நாட்டில் மந்திரியாக இருந்தவர். அரசன் அவர் பேச்சைக் கேட்காமல் நாடு கடத்திவிட்டான். கிறிஸ்துவுக்கு முன் 278-இல் தலைநகரம் எதிரி கையில் விழுந்ததும், மீலுவோ ஆற்றில் இறங்கி உயிரை விட்டார். ஊர் ஜனங்கள் படகெடுத்துத் தேடினார்கள், உடம்பை மீன் தின்றுவிடக் கூடாது என்று ஆற்றில் சோறு போட்டார்கள். அதுதான் இன்றைக்குப் படகுப் போட்டியாகவும் ட்சோங்ஸ என்கிற இலைச் சோறாகவும் இருக்கிறது என்று சொல்வார்கள். மீலுவோ ஆறு ஹூனானில்தான் ஓடுகிறது. 2017-இல் போனேன். முரசு அடிக்கிறவர் படகின் முன்னால் துடுப்புப் போடுகிறவர்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், அவர் குச்சி இறங்கும்போது எல்லாத் துடுப்பும் தண்ணீரில் இறங்குகிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக ஒரு கவிஞனைத் தேடிப் படகு விடுகிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ட்சோங்ஸ மடிக்க ஹாஸ்டல் கேண்டீன் அக்கா கற்றுக்கொடுத்தார். இரண்டு மூங்கில் இலையைச் சேர்த்துக் கூம்பாகச் சுருட்டி, ஊறவைத்த ஒட்டரிசியைப் போட்டு, நடுவில் ஒரு பேரீச்சை போன்ற சிவப்புப் பழம், மேலே அரிசி, அப்புறம் இலையை மடக்க வேண்டும். நூலின் ஒரு முனை பல்லில், இன்னொன்று கையில். தளர்ந்தால் வேகும்போது பிரிந்துவிடும். என்னுடையது பத்தில் மூன்று தேறியது. சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும், தெற்குப் பக்கம் நிறையப் பேர் பன்றிக்கறி வைப்பார்கள்.

அப்புறம் அண்ணா, பரிசு ஏதாவது அனுப்பினால் கடிகாரம் வேண்டாம். கடிகாரம் கொடுப்பது என்கிற சொல்லும் இறுதிக் காரியம் செய்வது என்கிற சொல்லும் ஒரே ஓசை. நான்கு என்கிற எண்ணும் சாவு என்கிற சொல்லும் கிட்டத்தட்ட ஒரே ஓசை, அதனால் நான்காக எதையும் அனுப்ப வேண்டாம். அவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள். நீங்களே தைத்த ஒரு சின்ன மயில், ஒரு கைக்குட்டை அளவில், அனுப்பலாமே என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன், கைக்குட்டை அங்கே பிரிவைச் சொல்கிற பொருள். துணிப் பையில் தைத்து அனுப்புங்கள்.

---

செல்லூர் எம்ப்ராய்டரி
5 மார்ச் 2026, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் சொன்னபடி சனிக்கிழமை காலை ஆறரைக்கு அனுப்பினேன். கல்யாண வீட்டார் வந்ததை, நான் எழுதியது தப்பு என்பதை, அப்புறம் வருட வாழ்த்தை. ஏழு மணிக்குள் பதில் வந்துவிட்டது.

18-ஆம் தேதி என் செய்தியைப் பார்த்ததுமே அவர் ஃபேக்டரி வாட்ச்மேனுக்குப் போன் போட்டிருக்கிறார். போர்டு ஸ்டோர் ரூமில் இருக்கிறது, சாவி ஸ்டோர் கீப்பரிடம், ஸ்டோர் கீப்பர் குய்சோவில் தன் ஊரில். எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், கிடைத்தால் சொல்லலாம் என்று விட்டுவிட்டாராம். இதைப் படித்துவிட்டு என் மனைவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "நாம ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றாள்.

ஸ்டோர் கீப்பர் நேற்று, விளக்குத் திருவிழாவுக்கு மறுநாள், வந்து சேர்ந்தார். இன்று கொரியரில் போட்டுவிட்டார்கள். இரண்டு போர்டு சொன்னேன், அக்கா. ஸ்டெபிலைசரும் மாற்றியாயிற்று.

ச்சிங்மிங் பற்றிக் கேட்டேன். அவருடைய பாட்டி போன ஆவணி வாக்கில் இறந்துவிட்டாராம், இதுதான் முதல் வருடம், 4-ஆம் தேதி ஊருக்குப் போகிறார். காலண்டரில் ஏப்ரல் 4, 5, 6-ஐ நீலப் பேனாவில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அந்த மூன்று நாளும் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. மேலூர்த் தங்கச்சி, அன்றைக்கு ஒரு வரி எழுதலாமா, இல்லை சும்மா இருப்பது நல்லதா?

---

மேலூர்ப்பெண்
5 மார்ச் 2026, இரவு 9.15

7-ஆம் தேதி எழுதுங்கள் அண்ணா. பாட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்களா, மழை இருந்ததா என்று. அந்தப் பருவத்தில் அங்கே தூறிக்கொண்டே இருக்கும், எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

---

செல்லூர் எம்ப்ராய்டரி
14 மார்ச் 2026, மாலை 6.45

போர்டு இன்று வந்தது. பெட்டிக்குள் சிவப்புக் காகிதத்தில் வெட்டிய ஒரு குதிரை வைத்திருந்தார், வால் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. மெஷின் மேல் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நின்றபோது ஸ்கிரீனில் இருந்த தையல் எண்ணை நோட்டில் எழுதி வைத்திருந்தேன், 18,412. டிசைனை ஏற்றி, அந்த எண்ணுக்குக் கொண்டுபோய், ஊசி பழைய ஓட்டையில் இறங்குகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்தோம். இறங்கியது. தும்பிக்கையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.